பாராட்டுக்கு ஓர் அளவுகோல்

சில ஆண்டுகளுக்கு முன் பள்ளி ஆண்டு விழாவில் நான் செய்த தவறு இது. எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவனுக்கு இடது காலில் வலுக்குறைவு. தினமும் மற்றவர்களுக்கு முன்பே வந்து, மைதான ஓரத்தில் உட்கார்ந்தபடி குண்டு எறிந்து பழகுவான். அவனை மேடைக்கு அழைத்து, "கால் முடியாத நிலையிலும்..." என்று ஒலிபெருக்கியில் தொடங்கினேன். பலத்த கைதட்டல். கேடயத்தை வாங்கிக்கொண்டு தலைகுனிந்தபடி இறங்கினான். மறுநாள் வந்து, "சார், எவ்வளவு தூரம் எறிஞ்சேன்னு நீங்க சொல்லவே இல்லையே?" என்றான்.

எப்படிச் சொல்வது? நான் அளந்ததே இல்லை.

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டியைச் சேர்ந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து விபத்தில் வலது காலில் பாதிப்படைந்தவர். வகுப்பில் இவரைப் பற்றிப் பேசும்போது பெரும்பாலும் விபத்தோடு நின்றுவிடுகிறோம். பாராலிம்பிக் உயரம் தாண்டுதலில் அவர் தாண்டிய உயரங்களைக் கரும்பலகையில் எழுதிப் பாருங்கள். ரியோ 2016: 1.89 மீட்டர், தங்கம். 2021இல் நடந்த டோக்கியோ போட்டி: 1.86, வெள்ளி. பாரிஸ் 2024: 1.85, வெண்கலம். தசம எண் பாடத்திலேயே இதைச் சேர்க்கலாம். எட்டு ஆண்டுகளில் வேறுபாடு எவ்வளவு என்று கேட்டேன். "நாலே நாலு சென்டிமீட்டர்" என்ற ஒரு மாணவி, "அப்போ நடுவுல பயிற்சியை விடவே இல்லை சார்" என்றும் சேர்த்துக்கொண்டாள். நான் அரை மணி நேரம் பேசியிருந்தாலும் அது வந்திருக்காது.

உடற்பயிற்சிக் கூடங்களில் செய்யும் பெஞ்ச் பிரஸ்தான் பாராலிம்பிக்கில் பளுதூக்கும் போட்டி. கால்களையும் பெஞ்சின் மேலேயே நீட்டிப் படுத்து, எடையை மார்பு வரை இறக்கி, அசையாமல் நிறுத்தி, பிறகு கைகள் முழுதும் நீளும்வரை உயர்த்த வேண்டும். இளம்பிள்ளை வாதத்தால் பாதிக்கப்பட்ட ராஜிந்தர் சிங் ரஹேலு 2004 ஏதென்ஸில் இதில் வெண்கலம் வென்றார். போட்டியாளர்களைப் பிரிப்பது உடல் எடையைக் கொண்டுதான். குறைபாட்டின் அளவைக் கொண்டு அல்ல.

நம் பள்ளிகளில் என்ன நடக்கிறது? விளையாட்டுப் பாடவேளையில் இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பைகளுக்குக் காவல் வைக்கிறோம். (நானும் வைத்திருக்கிறேன்.) விளையாட்டிலும் சமவாய்ப்பு தர வேண்டும் என்கிறது மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரையும் இயன்முறை மருத்துவரையும் கேட்காமல் பயிற்சி தொடங்க வேண்டாம். வலி என்று பிள்ளை சொன்னால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். மற்றபடி ஓர் அளவுநாடாவும் நாற்பது பக்க நோட்டும் போதும். தேதியையும் தூரத்தையும் மாணவனே எழுதட்டும். அவனது போன மாத அளவோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

அடுத்த ஆண்டு விழாவில் அதே மாணவனை அழைத்தேன். காலைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. "ஜூலையில் 3.10 மீட்டர், ஜனவரியில் 4.25" என்று வாசித்தேன். நிமிர்ந்து நின்றவன் என் பக்கம் சாய்ந்து, "4.28 சார்" என்றான். நோட்டைப் பார்த்தேன். 4.28தான்.