கடற்படைக்குக் கடலைச் சொன்ன பெண்கள்

கேள்வி: நாங்கள் கொச்சி தேவராவில் பல காலமாக வாழும் தமிழ்க் குடும்பம். மகள் இயற்பியல் பட்டப்படிப்பில் கடைசி ஆண்டு. கடலியல் படித்து, திருக்காக்கரையில் உள்ள கடற்படை ஆய்வகத்தில் சேர வேண்டும் என்கிறாள். “அலையையும் உப்பையும் படித்தவளுக்குப் போர்க்கப்பலில் என்ன வேலை? அதுவும் பெண்பிள்ளைக்கு?” என்று அவள் தாத்தா மறுக்கிறார். போர்க்காலத்தில் பெண் விஞ்ஞானிகள் யாராவது இந்தத் துறையில் உழைத்திருக்கிறார்களா?
— ஒரு வாசகி, தேவரா

பதில்: தாத்தாவிடம் இரண்டாம் உலகப் போரில் நடந்த தராவா சண்டையைப் பற்றிச் சொல்லுங்கள், அம்மா. பசிபிக் கடலில் உள்ள அந்தச் சின்னஞ்சிறு தீவுக்கூட்டத்தில், 1943 நவம்பர் 20 அன்று அமெரிக்கப் படை கரையிறங்கியது. தீவைச் சுற்றிப் பவளத்திட்டு. அதைத் தாண்டப் படகுகளுக்கு ஏறக்குறைய நாலடித் தண்ணீர் வேண்டும். அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இடைப்பட்ட அரைநிலா நாட்களில் ஓதம் ஏறுவது குறைவு என்பது கடற்கரை மக்கள் எல்லோருக்கும் தெரியும். அன்று அரைநிலா நாள். அந்தத் தீவுகளில் வாழ்ந்து பழகிய ஃப்ராங்க் ஹாலண்ட் முன்கூட்டியே எச்சரித்தும் தாக்குதல் நாள் மாறவில்லை. படகுகள் திட்டில் தட்டி நின்றன. வீரர்கள் இறங்கி, ஜப்பானியரின் துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே சுமார் அரைக் கிலோமீட்டர் தண்ணீரில் நடந்தார்கள். மூன்று நாள் போரில் அமெரிக்கத் தரப்பில் மட்டும் ஆயிரம் பேர் அளவில் இறந்தார்கள். எல்லா இறப்புக்கும் ஓதம் காரணமில்லை. ஆனால் படகிலேயே கரைக்குப் போயிருக்க வேண்டிய பலர் அந்தத் தண்ணீரில் மாண்டார்கள்.

அப்போது வாஷிங்டனை அடுத்த சூட்லாண்டில், அமெரிக்கக் கடற்படையின் நீரியல் அலுவலகத்தில், கடலியல் பிரிவுக்குத் தலைமை ஏற்றிருந்தவர் மேரி சியர்ஸ். மிதவை நுண்ணுயிர்களை ஆராய்ந்து 1933இல் முனைவர் பட்டம் பெற்றவர். வுட்ஸ் ஹோல் கடலியல் நிறுவனத்தில் பணிபுரிந்தும், அதன் ஆய்வுக்கப்பலான ‘அட்லாண்டிஸ்’ஸில் பயணம் செய்ய அவருக்கு அனுமதி இல்லை. பெண் என்பதுதான் காரணம். 1943இல் கடற்படையின் மகளிர் பிரிவில் அதிகாரியாகச் சேர்ந்தார்.

அவருடைய பிரிவு மிகச் சிறியது. நூலகங்களைத் துருவி பசிபிக் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிய மேரி கிரியர், கொட்டலசு எனப்படும் பாறையொட்டி உயிரிகளை ஆராய்ந்த டோரா ஹென்றி முதலியோர் அதில் இருந்தார்கள். போருக்கு முன்பு ஜப்பானியர்களே வெளியிட்ட கடலாய்வுகளையும் தேடிப் பிடித்தார்கள். எந்தக் கரையில் எப்போது ஓதம் ஏறும், அலை எவ்வளவு உயரம் எழும், அடித்தளம் மணலா பவளமா என்பதையெல்லாம் தொகுத்துப் படைத் திட்டமிடுவோருக்கு அனுப்பினார்கள். தராவாவுக்குப் பின் அந்த அறிக்கைகளுக்குத் தேவை பெருகியது. பிலிப்பைன்ஸின் லிங்காயென், ஜப்பானின் ஒகினாவா கரையிறக்கங்கள் வரை அவை பயன்பட்டன. 1944 நார்மண்டிக் கரையிறக்கத்துக்காக ஓத அறிஞர் ஆர்தர் டூட்சன் ஓதம் கணித்தபோதும், இங்கிலாந்தின் பிட்ஸ்டன் ஆய்வகத்தில் ஓதக்கணிப்பு இயந்திரங்களை இயக்கியவர்களில் இளம்பெண்கள் இருந்தார்கள்.

மேரி சியர்ஸ் குழு செய்த இன்னொரு பணி எனக்கு இன்னும் முக்கியமாகப் படுகிறது. நீர்மூழ்கிகளுக்காக, எந்தக் கடலில் எந்த ஆழத்தில் வெப்பநிலை சட்டென மாறுகிறது என்ற விவரங்களை அவர்கள் தொகுத்தார்கள். உங்கள் மகளின் இயற்பியல் இங்கேதான் நேராகப் பயன்படும். கடல்நீரில் ஒலி நொடிக்குச் சுமார் 1,500 மீட்டர் போகும். நீர் சூடானால் வேகம் கூடும். வேகம் மாறும் இடத்தில் ஒலி வளையும். வெயில் காயும் தார்ச்சாலையில் ஒளி வளைந்து கானல் நீர் காட்டுவதும் இதே கணக்குதான். மேலே சூடும் கீழே குளிரும் இருந்தால், நீருக்கடியில் ஒலியால் தேடும் கருவியான சோனாரின் ஒலி கீழ்நோக்கி வளைந்து போய்விடும். அது எட்டாத நிழற்பகுதியில் நீர்மூழ்கி ஒளிந்துகொள்ளலாம். 1930களில், காலையில் நன்றாக வேலை செய்த சோனார் பிற்பகலில் தடுமாறுவதை அமெரிக்கக் கடற்படை கவனித்தது. இயந்திரத்தில் பழுதில்லை. வெயிலில் மேல்நீர் சூடேறியதுதான் காரணம்.

இனி உங்கள் ஊர்க் கடலுக்கு வருவோம். பருவமழைக்கு முன், ஏப்ரல், மே மாதங்களில் தென்கிழக்கு அரபிக்கடலின் மேல்நீர் 30 டிகிரி செல்சியஸையும் தாண்டிச் சூடேறும். ஜூனில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கினால் அடியிலிருக்கும் குளிர்நீர் கேரளக் கரையோரம் மேலெழும். மீன்பாடு பெருகுவது அதனால்தான். குளிர்காலத்தில் வங்காள விரிகுடாவின் உப்புக் குறைந்த நீர் இலங்கையைச் சுற்றிக்கொண்டு இங்கே வந்து மேலே பரவும். அப்போது சில இடங்களில் மேலே குளிர்ச்சி, கீழே சூடு என்று தலைகீழாகிவிடும். ஒரே இடத்தில், ஒரே சோனார், மாதத்துக்கு ஒரு விதமாகக் கேட்கும். வெளிநாட்டிலிருந்து வாங்கிய கருவி இதையெல்லாம் தானாக அறிந்திருக்காது. இங்கேயே இருந்து அளக்க ஆட்கள் வேண்டும்.

இதன் அருமை 1971 டிசம்பர் 9 இரவு நம் நாட்டுக்கு வலியோடு தெரிந்தது. பாகிஸ்தானுடனான போரில், தியூவுக்கு அப்பால் நம் போர்க்கப்பல் ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி ஹாங்கோர் மூழ்கடித்தது. கேப்டன் மகேந்திர நாத் முல்லா உட்பட 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் கப்பலோடு போனார்கள். நம் கப்பல்களின் சோனார் பழையது. அதன் பிறகு பொள்ளாச்சியில் பிறந்த கடற்படை அதிகாரி ஆரோக்கியசாமி பால்ராஜ் தலைமையில், கொச்சி ஆய்வகத்தில் ‘அப்சோ’ என்ற சோனார் உருவானது. 1983இல் ஐ.என்.எஸ். ஹிம்கிரியில் அது பொருத்தப்பட்டது.

உங்கள் மகள் சேர விரும்புவது அப்சோ உருவான அந்த ஆய்வகத்தில்தான். 1952இல் கடற்படைத் தளத்துக்குள் சிறிதாகத் தொடங்கி, இன்று பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் கீழ் திருக்காக்கரையில் இயங்குகிறது. அங்கே பெண் விஞ்ஞானிகள் பணிபுரிகிறார்கள். கடலின் ஒலியை ஆராய்வதற்கென்றே அதற்கு ‘சாகர்த்வனி’ என்ற கப்பல் 1994 முதல் இருக்கிறது.

“பெண்பிள்ளைக்கு?” என்ற தாத்தாவின் கேள்விக்கு, நீதிமன்றமும் கடற்படையும் பதில் சொல்லிவிட்டன. 2020 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் கடற்படைப் பெண் அதிகாரிகளுக்கு நிரந்தரப் பணி உரிமையை உறுதி செய்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தேவராவிலிருந்து பாலம் கடந்தால் வந்துவிடும் கடற்படை விமானத் தளமான ஐ.என்.எஸ். கருடாவில், போர்க்கப்பல் ஹெலிகாப்டர்களில் பணியாற்ற குமுதினி தியாகி, ரிதி சிங் என்ற இருவர் பயிற்சி முடித்தார்கள். சோனாரை இயக்கி நீர்மூழ்கியைத் தேடும் பணியும் அதில் அடங்கும்.

இப்போது செய்ய வேண்டியது: கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடல் அறிவியல் பள்ளி எர்ணாகுளத்திலேயே இருக்கிறது. அங்கே எம்.எஸ்சி. கடலியலுக்கு விண்ணப்பிக்கட்டும். கூடவே கேட் (GATE) தேர்வுக்குத் தயாராகட்டும். பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பின் விஞ்ஞானி பணித் தேர்வில் அந்த மதிப்பெண்ணுக்கு இடமுண்டு. இயற்பியலை விட்டுவிட வேண்டாம். அலைகள், ஒலியியல், ஃபூரியே பகுப்பாய்வு ஆகியவற்றில் உறுதியான பிடிப்பும், நிரல் எழுதும் பழக்கமும் இருந்தால், மற்றதை ஆய்வகமே கற்றுக்கொடுக்கும்.