வாசலில் கிடந்த லாசர்



அர்ச். லூக்காஸ் சுவிசேஷம் 16-ம் அதிகாரத்தில் வரும் தனவான் திருடினானென்று சேசுநாதர் சொல்லவில்லை. லாசரை அடித்துத் துரத்தினானென்றும் சொல்லவில்லை. விலையேறிய வஸ்திரம் உடுத்தி, நாடோறும் விருந்துண்டான்; வாசலில் கிடந்தவனோ பசியாயிருந்தான். இதுவே அவன் குற்றம்.

நரகத்தில் அவன் லாசரைப் பெயர் சொல்லிக் கேட்கிறான். ஆகவே அறியாதவனல்ல! அப்போதும் தனக்குத் தண்ணீர் கொண்டுவரும் ஏவலாளாகவே அவனை எண்ணுகிறான். இருவருக்கும் நடுவே இருந்த பெரும் பிளவை, உயிரோடிருக்கையில் அவனே தன் வாசலில் வெட்டத் தொடங்கியிருந்தான்.

பொருளை உடைமையாய்க் கொள்வது வேறு, அதை நேர்மையாய் உபயோகிப்பது வேறு என்று 13-ம் சிங்கராயர் பாப்பரசர் 1891-ல் போதித்தார்; வேலையாளுக்குரிய கூலியை மறுப்பது பெரும் பாதகமென்றார். 6-ம் சின்னப்பர் 1967-ல், லாசர் தனவானோடு ஒரே பந்தியில் அமரக்கூடிய உலகத்தைக் கட்டவேண்டுமென்றார். வாசலில் அல்ல, பந்தியில்! ஆகையால் எறிகிற தருமம் போதாது.

தனி மதில், தனிப் பள்ளி, தனி ஆஸ்பத்திரி என்று செல்வர் ஒதுங்கி வாழும் காலமிது. பிறர் படும் பாடு கண்ணிலேயே படாவிட்டால் இரக்கம் எங்கிருந்து பிறக்கும்?

நம்மையும் சோதிப்போம். உங்கள் வீட்டில் வேலை செய்கிறவளின் பெயர் உங்களுக்குத் தெரியும். அவள் வீட்டில் இன்று அடுப்பெரிந்ததா? இவ்வாரமே விசாரியுங்கள், கூலியில் குறைவிருந்தால் நிறைவாக்குங்கள்.