குழந்தை பிறந்த முதல் வாரமும் மலச்சிக்கலும்

மகப்பேறு வார்டில் காலைச் சுற்று வரும்போது தாய்மார்களிடம் நாங்கள் பல கேள்விகள் கேட்கிறோம். பால் சுரக்கிறதா, உதிரப்போக்கு எவ்வளவு, தையல் வலிக்கிறதா, சிறுநீர் தடையின்றிப் பிரிகிறதா என்று கேட்டால் உடனே விடை வரும். மலம் கழித்தீர்களா என்று கேட்டால் மட்டும் பலர் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். கட்டிலருகே நிற்கும் தாயோ மாமியாரோ, "அதெல்லாம் வீட்டுக்குப் போனால் சரியாகிவிடும் டாக்டர்" என்று பேச்சை முடித்துவிடுகிறார். பெரும்பாலோருக்கு இரண்டு மூன்று நாள்களில் சரியாகிவிடுகிறது என்பது உண்மையே. சரியாகாதவர்களையும், அவர்களுக்குத் துணையிருப்பவர்களையும் கருதியே இதனை எழுதுகிறோம்.

சில காலத்திற்கு முன், ஆம்பூர்ப் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் பிரசவமான ஒன்பதாம் நாள் எங்களிடம் வந்தார். முதற் குழந்தை, சுகப்பிரசவம், பிறப்புறுப்பின் கீழே தையல் போடப்பட்டிருந்தது. பால் போதவில்லை, குழந்தை அழுதுகொண்டே இருக்கிறது என்பதே அவர் சொன்ன குறை. விசாரித்தபோதுதான் மற்றது வெளிவந்தது. ஐந்தாம் நாள் ஒரே ஒருமுறை, கடும் வலியோடு, சில துளி இரத்தத்தோடு மலம் கழித்திருக்கிறார். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை. உணவைப் பாதியாகக் குறைத்துவிட்டார். "சாப்பிட்டால்தானே போக வேண்டியிருக்கும்" என்றார். ஷூ தொழிற்சாலையில் மேற்தோல் தைக்கும் பிரிவில் வேலை பார்த்தவர் அவர். ஊசித் துளை விழுந்த இடத்தில்தான் தோல் முதலில் கிழியும், அதுபோல் முக்கினால் தம் தையலும் பிரிந்துவிடும் என்று அஞ்சியிருக்கிறார்.

அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை. வீட்டுக்கு அனுப்பும் நாளில் நாங்கள் இதைப் பற்றி அவரிடம் பேசியிருக்க வேண்டும். பதனிட்ட தோலுக்கு உயிரில்லை, கிழிந்தால் கிழிந்ததுதான். உயிருள்ள தசை முதல் நாளிலிருந்தே ஒட்டத் தொடங்குகிறது. தையல் பல அடுக்குகளாகப் போடப்படுகிறது. அந்த நூல் தானே கரைந்துவிடும். இயல்பாக மலம் கழிப்பதால் தையல் பிரிவதில்லை. தையல் விட்டுப்போகும் சில வேளைகளில் பெரும்பாலும் காரணமாக இருப்பது கிருமித் தொற்று.

அச்சம் மலச்சிக்கலாக மாறும் வழி எளிது. பெருங்குடலின் வேலைகளுள் ஒன்று மலத்திலிருந்து தண்ணீரை உறிஞ்சுவது. உந்துதல் வரும்போது அடக்கிவிட்டால், மலம் உள்ளேயே தங்கி மேலும் மேலும் வறண்டு கெட்டியாகிறது. உந்துதலோ சிறிது நேரத்தில் மறைந்துவிடும்; நாள்தோறும் அடக்கினால் மலக்குடல் விரிந்து, உணர்த்துவதையே குறைத்துக்கொள்ளும். பிறகு ஒருநாள் வெளியேறும் கெட்டி மலம் ஆசனவாயின் மெல்லிய தோலைக் கீறிவிடுகிறது. இதுவே ஆசனவாய் வெடிப்பு. கண்ணாடித் துண்டு கிழித்தாற்போல் வலிக்கும். அடுத்தமுறை இன்னும் அஞ்சுவார், இன்னும் அடக்குவார். கர்ப்ப காலத்திலேயே மூலம் தடித்திருந்தால் அதுவும் சேர்ந்துகொள்கிறது.

வேறு காரணங்களும் உண்டு. கர்ப்பத்தில் மிகுந்து சுரக்கும் புரோஜெஸ்டிரோன் என்னும் ஹார்மோன் குடலின் அசைவை மந்தமாக்குகிறது. பிரசவத்திற்குப் பின் அதன் அளவு இறங்கினாலும் குடல் பழைய வேகத்திற்குத் திரும்பச் சில நாள்கள் ஆகும். பிரசவ வலியின்போது பல மணி நேரம் உண்ணாமல் இருந்திருப்பார். டிரமடால் போன்ற வலிநிவாரணிகள் குடலை உறங்கவைக்கும். இரும்புச்சத்து, கால்சியம் மாத்திரைகளும் மலத்தைக் கட்டும்.

இந்த மாத்திரைகளைப் பற்றி ஒரு வேண்டுகோள். மலச்சிக்கலுக்கு அஞ்சி அவற்றை நிறுத்திவிடாதீர்கள். அரசுத் திட்டத்தின்படி 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் கொண்ட மாத்திரையைப் பிரசவத்திற்குப் பின்னும் 180 நாள்கள் உண்ண வேண்டும். கால்சியமும் ஆறு மாதங்களுக்கு உண்டு. இரண்டையும் ஒரே வேளையில் விழுங்காமல் இடைவெளி விடுங்கள். மலம் கட்டினால் எங்களிடம் சொல்லுங்கள். வேறு வகை இரும்புமருந்து தரலாம், அல்லது மலமிளக்கியைச் சேர்க்கலாம். இரும்பினால் மலம் கறுத்துப்போவது இயல்பே.

பத்தியமும் தண்ணீரும்

பச்சை உடம்புக்காரிக்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் வழக்கம் நம் பகுதியில் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தண்ணீர் குடித்தால் வயிறு பெருத்துவிடும், பால் நீர்த்துவிடும், தையலில் நீர் கோத்துக்கொள்ளும், குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்கிறார்கள். பெரியவர்கள் இதை அன்பினால் செய்கிறார்கள். அதில் எங்களுக்கு ஐயமில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள். பால் நன்கு சுரக்கத் தொடங்கிய தாயிடமிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 750 மில்லி பால் குழந்தைக்குச் செல்கிறது. அதில் நூற்றுக்கு 87 பங்கு தண்ணீர். அதாவது அரை லிட்டருக்கும் மேற்பட்ட நீர் பாலாகவே வெளியேறுகிறது. மே மாதத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டும் வேலூர் வெயிலில், ஓட்டு வீட்டிலோ தகரக் கூரையின் கீழோ படுத்திருக்கும் தாய்க்கு வியர்வை வேறு. உள்ளே வருவது குறைந்தால், குடல் மலத்திலிருக்கும் நீரை இன்னும் கடுமையாக உறிஞ்சிக்கொள்ளும்.

பாலாற்றங்கரை ஊர்களில் இன்னொரு தொல்லையும் உண்டு. தோல் பதனிடும் கழிவினால் நிலத்தடி நீர் கெட்ட செய்தி 1996இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வரை சென்றது நீங்கள் அறிந்ததே. இன்றும் குடிநீரைக் கேனில் வாங்கும் குடும்பங்கள் பல. விலைக்கு வாங்கும் தண்ணீரை எல்லோரும் சிக்கனமாகவே குடிப்பார்கள். பிள்ளை பெற்றவள் கேட்கத் தயங்குவாள். அவள் கேட்கும்வரை காத்திராமல், ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் ஒரு டம்ளர் தண்ணீரைக் கைக்கெட்டும் தூரத்தில் வையுங்கள். வெந்நீர்தான் தருவோம் என்றால் வெந்நீரே தாருங்கள்; சீரக நீரும் நன்று. தாகத்திற்கு மேல் குடம் குடமாகக் குடித்தால் மலச்சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ண வேண்டாம். தேவைக்கு மிஞ்சிய நீர் சிறுநீராகப் போய்விடும்.

பத்திய உணவில் நல்லவை பல இருக்கின்றன. பூண்டுக் குழம்பும், மிளகு ரசமும், பால்சுறாப் புட்டும், முருங்கைக்கீரையும் எங்களுக்கு மறுப்பில்லாதவை. குறை என்னவென்றால், பல வீடுகளில் முதல் பத்து நாள் வெறும் குழைந்த வெள்ளைச் சோறும் இட்லியும் ரொட்டியுமாகவே போய்விடுகிறது. நார்ச்சத்து ஏறக்குறைய இல்லை. பழம் குளிர்ச்சி, கீரை செரிக்காது, பருப்பு வாயு, இலவம்பாடி முள்ளுக் கத்திரிக்காய் தையலில் அரிப்பு உண்டாக்கும் என்று பட்டியல் நீள்கிறது. தாய் கொய்யாப்பழம் தின்றால் பால் குளிர்ந்துபோவதில்லை. பால் எப்போதும் உடற்சூட்டிலேயே சுரக்கிறது. வாழை, கொய்யா, பப்பாளி, ஊறவைத்த உலர்திராட்சை, கேழ்வரகுக் களி, பாசிப்பயறு, அவரை, பீன்ஸ் ஆகியவற்றுள் வீட்டார் மனம் ஒப்பும் இரண்டு மூன்றையாவது இரண்டாம் நாளிலிருந்து சேருங்கள். பப்பாளியைக் கர்ப்பத்தில் விலக்கியவர்கள் பிரசவத்திற்குப் பின்னும் விலக்கக் காரணம் இல்லை. ஒரே நாளில் நிறையச் சேர்த்தால் வயிறு உப்பும், படிப்படியாகக் கூட்டுங்கள்.

கழிப்பறையில்

காலை உணவோ சூடான பானமோ வயிற்றில் விழுந்ததும் பெருங்குடல் தானாகவே அசையத் தொடங்கும். உணவுண்ட அரை மணி நேரத்திற்குள் போவது அதனால்தான் நல்லது. ஆனால் அந்த நேரத்தில்தான் குழந்தை அழும், குளிப்பாட்ட ஆள் வரும், பார்க்க உறவினர் வருவார்கள். வரிசை வீடுகளில் பொதுக் கழிப்பறைக்கு முன் பிறர் காத்திருப்பார்கள். இங்கே குடும்பத்தினர் செய்யக்கூடிய பெரிய உதவி ஒன்று உண்டு: காலையில் பதினைந்து நிமிடம் குழந்தையை வாங்கிக்கொள்ளுங்கள். கணவர்மார்களே, இதை உங்களுக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறோம்.

குந்தி உட்காரும் நம் கழிப்பறை மலம் எளிதில் இறங்க ஏற்றது. தையல் வலியால் குந்த முடியாதவர்கள் மேற்கத்தியக் கழிப்பறையில் அமர்ந்து, பாதங்களின் கீழே ஒரு மணைப்பலகையோ சிறு முக்காலியோ வைத்து, முழங்கால் இடுப்பைவிட உயர்ந்திருக்குமாறு முன்சாய வேண்டும். மூச்சை அடக்கி முக்க வேண்டாம். வாயைத் திறந்து மெல்ல மூச்சை வெளிவிட்டபடி வயிற்றைத் தளர்த்துங்கள். சுத்தமான பஞ்சுத் துணியையோ நாப்கினையோ தையலின் மேல் கையால் தாங்கிப் பிடித்தால் அச்சம் வெகுவாகக் குறையும். சிசேரியன் ஆனவர்கள் வயிற்றின் மேல் சிறு தலையணையை அணைத்துக்கொள்ளலாம். பத்து நிமிடத்தில் வரவில்லையென்றால் எழுந்துவிடுங்கள். வலி இருந்தால், அகன்ற தொட்டியில் வெதுவெதுப்பான நீர் ஊற்றி, நாளுக்கு இரண்டு மூன்று முறை பத்து நிமிடம் அமருங்கள். வெறும் நீரே போதும்; கிருமிநாசினியைக் கலந்து தோலைப் புண்ணாக்கிக்கொள்ள வேண்டாம்.

சிசேரியன் ஆனவர்களின் குடல் சிலகாலம் அசையாமல் இருக்கும். எழுந்து நடப்பதே முதல் மருந்து. சூயிங்கம் மெல்வதும் வாயு சற்று முன்னதாகப் பிரிய உதவும் என்று ஆய்வுகள் காட்டுகின்றன. பாட்டிமார்கள் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். வெற்றிலை போடுவதற்குச் சமம் என்று ஒருவர் எங்களுக்கு விளக்கமும் சொன்னார். மெல்லும்போது உணவு வருவதாகக் குடல் எண்ணிக்கொள்கிறது என்ற வகையில் அவர் சொன்னதில் பிழையில்லை. புகையிலை மட்டும் வேண்டாம்.

மருந்துகள்

இரண்டு நாள் முயன்றும் பலனில்லையென்றால் மலமிளக்கி கேட்கத் தயங்காதீர்கள். லாக்டுலோஸ் பாகு குடலில் நீரை இழுத்து மலத்தை இளக்கும். வழக்கமாக 15 மில்லியில் தொடங்குகிறோம். பலன் தெரிய ஒன்றிரண்டு நாள் ஆகும். முதல் வேளையிலேயே நடக்கவில்லை என்று கைவிட வேண்டாம். இசப்கோல் உமி நல்லதே. ஆனால் போதிய நீரின்றி விழுங்கினால் சிக்கலைக் கூட்டும். இவை இரண்டும் தாயின் இரத்தத்தில் கலந்து பாலுக்குச் சென்று குழந்தைக்குப் பேதி உண்டாக்குபவை அல்ல. கடையில் கேட்டு வாங்கும் பேதி மாத்திரை, நிலாவாரைச் சூரணம், விளக்கெண்ணெய், வீட்டில் சோப்பு நீர் எனிமா ஆகியவற்றைத் தாமாகச் செய்துகொள்ள வேண்டாம். கிழிசல் ஆசனவாய்த் தசைவரை சென்று தைக்கப்பட்டவர்களுக்கு எனிமாவும் ஆசனவாய் வழி மருந்தும் தீங்கு செய்யக்கூடும். அவர்களுக்கு மலமிளக்கியை நாங்களே தொடக்கத்திலிருந்து எழுதித் தருகிறோம். மலம் இளகிவிட்டது என்று அவர்கள் இடையில் நிறுத்தக் கூடாது.

ஆம்பூர்த் தாய்க்கு லாக்டுலோஸும், வெடிப்பின் மேல் தடவ மரப்பு ஜெல்லும், வெந்நீர் அமர்வும் தந்தோம். உடன் வந்த அவருடைய தாயாரிடம் தண்ணீர்க் கணக்கைச் சொன்னோம். மூன்றாம் நாள் தொலைபேசியில் அந்த அம்மா பேசினார். மகள் இரண்டு வேளையும் வயிறாரச் சாப்பிட்டாள் என்பதையே முதலில் சொன்னார். பால் கூடியதும் குழந்தை உறங்கியதும் அதன் பின்னே வந்தன.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள் உண்டு. சிசேரியனுக்குப் பின் வயிறு உப்பி, வாந்தியோடு, வாயுவும் பிரியாமல் இருந்தால் அன்றே வர வேண்டும்; இரவானாலும் சரி. காய்ச்சல், தையலிலிருந்து சீழ் அல்லது துர்நாற்றம், மலத்தோடு மிகுதியான இரத்தம், சிறுநீர் கழிக்க முடியாமை ஆகியவையும் அவ்வாறே. தன்னையறியாமல் மலமோ வாயுவோ கசிவதும், பிறப்புறுப்பு வழியாக மலம் வருவதும் ஆசனவாய்த் தசையோ சுவரோ பழுதுபட்டிருப்பதைக் காட்டலாம். இவற்றைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் கணவரிடம்கூடச் சொல்லாமல் மறைப்பதைக் கண்டிருக்கிறோம். இவற்றிற்கு மருத்துவம் இருக்கிறது.

கடைசியாக, வேலைக்குத் திரும்புவோருக்கு. மகப்பேறு நலன் குறித்த சட்டம், அதன்கீழ் வரும் நிறுவனங்களில் பணிபுரிவோருக்கு முதல் இரு குழந்தைகளுக்கும் 26 வார விடுப்பு தருகிறது. அது முடிந்து தொழிற்சாலை வரிசையில் மீண்டும் அமரும்போது, கழிப்பறைக்கு எழ வேண்டியிருக்கும் என்று தண்ணீரைக் குறைப்பதும், வந்ததை மாலைவரை அடக்குவதும் பலருக்குப் பழைய பழக்கமாகவே இருக்கிறது. ஆறிய வெடிப்பு மறுபடி திறப்பதை அப்போதுதான் அதிகம் பார்க்கிறோம். வீட்டிலிருந்து கிளம்பும் முன்னரே காலைக்கடன் முடியுமாறு கால் மணி நேரம் முன்னதாக எழுங்கள். பையில் ஒரு லிட்டர் தண்ணீர் இருக்கட்டும். உணவு இடைவேளைக்குள் அதில் பாதியாவது தீர்ந்திருக்க வேண்டும்.