மூன்று அதிகாரங்களும் ஒரு கரும்புச் சட்டமும்

நம் சங்கத்தின் நடைமுறையைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். துணை விதிகளை ஏற்பது மகாசபை. அவ்விதிப்படி நூல் வாங்குவதும், கூலி கொடுப்பதும், கடன் வழங்குவதும் நிர்வாகக் குழு. கணக்கைச் சரிபார்ப்பவர் தணிக்கையாளர். இம்மூன்று வேலைகளையும் ஒருவரே ஏற்றால் என்ன நேரும் என்பதை அங்கத்தினர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

அரசாங்கத்திற்கும் இதுவே நியதி. சட்டம் இயற்றுதல், அதனை நடத்துதல், நீதி வழங்குதல் ஆகிய மூன்றும் ஒரே கையில் சேர்ந்தால் மக்களின் சுதந்திரம் நிலைக்காது என்று பிரெஞ்சு அறிஞர் மாண்டெஸ்கியூ 1748-ல் எழுதினார். நமது அரசியலமைப்பு அமெரிக்காவைப்போல் அமைச்சர்களைச் சட்டமன்றத்தினின்றும் பிரித்து வைக்கவில்லை. அவர்கள் மன்றத்திலேயே அமர்ந்து, அதற்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறார்கள். ஆகவே மன்றம் விழிப்புடன் இருந்தால்தான் இம்முறை பயன் தரும்.

மன்றம் கூடியிராதபோது உடனடித் தேவை எழுந்தால், அமைச்சரவையின் ஆலோசனைப்படி ஆளுநர் அவசரச் சட்டம் பிறப்பிக்கலாம் என்கிறது 213-வது பிரிவு. மன்றம் மீண்டும் கூடி 6 வாரங்கள் சென்றதும் அது காலாவதியாகும். இச்சிறு வாயில் எவ்வளவு அகலமாகக்கூடும் என்பதைப் பீகார் காட்டியது.

அங்கே 1967 முதல் 1981 வரை 256 அவசரச் சட்டங்கள் பிறந்தன. பல, காலாவதியாகும் தறுவாயில் மீண்டும் மீண்டும் பிறப்பிக்கப்பட்டன. கரும்பு வழங்குதலையும் கொள்முதலையும் ஒழுங்குபடுத்திய அவசரச் சட்டம் ஏறக்குறைய 14 ஆண்டுகள் இவ்வாறே உயிர் வாழ்ந்தது. கரும்பு விளைவித்தவர் யாருக்கு வாக்களித்தாரோ, அந்த உறுப்பினரின் மன்றம் அக்காலம் முழுவதும் அதனைச் சட்டமாக நிறைவேற்றவில்லை.

இதை ஆராய்ந்து வெளிப்படுத்தியவர் பூனாவில் பொருளாதாரப் பேராசிரியராக இருந்த டி. சி. வாத்வா. அவர் தொடுத்த வழக்கில் 1986 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் இந்நடைமுறையை அரசியலமைப்பின் மீது செய்யப்பட்ட மோசடி என்று கண்டித்தது. அவருக்கு 10,000 ரூபாய் வழங்கவும் ஆணையிட்டது.

தீர்ப்புடன் தீமை ஒழிந்ததா? இல்லை. அதே மாநிலம் 1989-ல் 429 சமஸ்கிருதப் பள்ளிகளை அவசரச் சட்டத்தால் எடுத்துக்கொண்டு, 1992 வரை அதனைத் திரும்பத் திரும்பப் பிறப்பித்தது. ஒன்றுகூட மன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. அது முடிந்தபின் ஆசிரியர்கள் ஊதியத்திற்காக வழக்காட நேர்ந்தது. மன்றத்தின் முன் வைப்பது கட்டாயம் என்று ஏழு நீதிபதிகள் கூடித் தீர்ப்பளித்தது 2017-ல்தான்.

இதினின்றும் நாம் கற்பது என்ன? அதிகாரப் பிரிவினை செத்துவிடவில்லை. ஆனால் நீதிமன்றத்தை மட்டும் நம்பினால் பரிகாரம் காலந்தாழ்ந்தே வரும். சீர்திருத்தம் மன்றத்திலிருந்து தொடங்கவேண்டும். இரு கூட்டத்தொடர்களுக்கிடையே 6 மாதம் கடத்தலாகாது என்று மட்டுமே அரசியலமைப்பில் விதி உண்டு. ஆண்டுக்குக் குறைந்தது இத்தனை நாள் கூடவேண்டும் என்றும் விதித்தல் நலம். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடையின்படி, கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினர் பதவி இழக்க நேரிடும். அக்கட்டுப்பாட்டை நம்பிக்கைத் தீர்மானம், வரவு செலவுத் திட்டம் ஆகியவற்றோடு நிறுத்தினால், மற்றச் சட்டங்களை உறுப்பினர்கள் அஞ்சாமல் ஆராய்வர்.

கேள்வி கேட்கும் பழக்கம் சிறிய சபைகளில்தான் முளைக்கிறது. நிர்வாகக் குழு அவசரமாகச் செய்த முடிவு எதுவாயினும், அடுத்த மகாசபையின் முன் வந்ததா என்று கேட்போமாக. இங்கே கேட்கப் பழகியவர் நாளை தம் சட்டமன்ற உறுப்பினரிடமும் கேட்பார்.