வகுப்பில்லாத ஆறு நாள்

அன்புள்ள தம்பிக்கு,

திண்டிவனத்தில் வயலின் வகுப்பு தொடங்கப்போவதாகவும், ஞாயிற்றுக்கிழமைகளில் விழுப்புரத்தில் சில வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்க இருப்பதாகவும் எழுதியிருந்தாய். சந்தோஷம். முதல் வருஷத்தில் எத்தனை வர்ணம் முடிக்கலாம் என்று கேட்டிருக்கிறாய். அதற்கு முன்னால் யோசிக்கவேண்டியது ஒன்று உண்டு. வாரம் ஒருமுறை உன்னிடம் வாசிக்கும் பிள்ளை, மற்ற ஆறு நாளும் வீட்டில் எதை வாசிக்கும், எப்படி வாசிக்கும்? புதுப் பாடம் கொடுப்பதைவிட அந்த ஆறு நாள் சாதகத்தை ஒழுங்குபண்ணிக் கொடுப்பதுதான் தனி வகுப்பு வாத்தியாரின் முதல் வேலை என்பேன்.

லால்குடி ஜெயராமன், டி.என்.கிருஷ்ணன், எம்.எஸ்.கோபாலகிருஷ்ணன் மூவரும் அப்பாவிடம் கற்றவர்கள். துவாரம் வெங்கடசாமி நாயுடுவுக்கு அண்ணனே குரு. எல்லாம் பரம்பரை ஞானம் என்று இதை முடித்துவிடுகிறார்கள். அப்படியானால் உறவே இல்லாத குருவின் வீட்டில் இருந்து கற்று மேலே வந்தவர்களுக்கு என்ன காரணம் சொல்வது? சொல்லிக்கொடுத்தவர் காதுக்கு எட்டும் தூரத்தில் சாதகம் நடந்தது என்பதுதான் இரு தரப்புக்கும் பொது. இன்றைக்கு விழுப்புரம் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்று வருஷம் முறையாகப் படிக்கிறவர்களுக்கு அதில் ஒரு பங்காவது கிடைக்கிறது. பள்ளிக்கூடத்துக்கும் டியூஷனுக்கும் நடுவே உன்னிடம் ஓடிவரும் பிள்ளைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. பிசகாக வாசித்தால் அடுத்த வகுப்புவரை திருத்த ஆளில்லை.

வயலினில் இது பெரிய ஆபத்து. வீணைக்கு 24 மெட்டு உண்டு. வயலினில் விரல் நிற்கும் இடத்தைக் காதுதான் சொல்லவேண்டும். ஒரு வாரம் காந்தாரத்தைச் சற்றுக் குறைத்தே வாசித்த பிள்ளைக்கு அதுவே காந்தாரமாகிவிடும். அதனால் தன்னைத் தானே சோதித்துக்கொள்ளும் வழியை முதல் மாதத்திலேயே கொடுத்துவிடு. மாயாமாளவகௌளை இதற்கென்றே அமைந்ததுபோல இருக்கிறது. ஷட்ஜத் தந்தியில் ச-ரி-க-ம வாசிக்க விரல்கள் எந்த இடைவெளியில் விழுமோ, பஞ்சமத் தந்தியில் ப-த-நி-சவுக்கும் அதே இடைவெளிதான். மந்தர பஞ்சமத் தந்தியில் மூன்றாம் விரலில் பிடிக்கும் ஷட்ஜமும், பக்கத்தில் விரல் வைக்காமல் ஒலிக்கும் மத்திய ஷட்ஜத் தந்தியும் ஒரே ஸ்வரம். இரண்டையும் ஒரே வில்லில் இழுக்கச் சொல். விரல் கொஞ்சம் பிசகினாலும் ஒலி அலையடிக்கும்; சரியான இடத்துக்கு வந்ததும் அலை அடங்கும். எட்டு வயதுப் பிள்ளையும் இதைக் கேட்டுவிடும். நீ பக்கத்தில் இல்லாத நாளில் அந்தத் தந்திதான் அதற்கு வாத்தியார்.

உன் வாசிப்பைப் போனில் பதிவுபண்ணிக் கொடுத்தால் போதாதா என்பாய். கேட்பதற்குக் கொடு, வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் அதோடு சேர்ந்து வாசிக்க விடாதே. உன் ஒலி பிள்ளையின் பிசகை மூடிவிடும், சரியாக வாசித்துவிட்டோம் என்ற நினைப்புதான் மிஞ்சும். சாதகத்துக்குச் சுருதிப்பெட்டி போதும். பெற்றோர் சொல்வதை அப்படித் தள்ளிவிட முடியாது. பள்ளி ஆண்டுவிழாவில் ஒரு பாட்டு வாசிக்கவேண்டும், பணம் கட்டுகிறோமே என்பார்கள். அது நியாயமான ஆசை. மேடை ஏறிய பிள்ளைக்கு வரும் உற்சாகத்தை ஆயிரம் சரளிவரிசை தந்துவிடாது. ஒரு கீதத்தைச் சுத்தமாகத் தயார்பண்ணி அனுப்பு. விழாவுக்காக இரண்டு மாதத்தில் சினிமாப் பாட்டை விரலில் திணித்துவிட்டு, பிறகு ஆறு மாதம் அந்த விரலைத் திருத்திக்கொண்டிருக்காதே.

வகுப்பில் பாதி நேரம் பிள்ளையை உன் எதிரில் சாதகம்பண்ண விடு. நீ வயலினைக் கீழே வைத்துவிட்டுக் கேள். சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று யாராவது நினைக்கலாம். எதற்காக என்று முதல் நாளே பெற்றோரிடம் சொல்லிவிடு. திண்டிவனத்துப் பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரத்தை இரண்டு அரைமணி வகுப்பாகப் பிரித்துக்கொள்ளலாம்; உள்ளூர்தானே. விழுப்புரத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் போகவேண்டியிருப்பதால் அங்கே அது நடக்காது. அங்குள்ளவர்களிடம் புதன்கிழமைதோறும் ஐந்து நிமிஷச் சாதகத்தைப் பதிவுபண்ணி அனுப்பச் சொல், அன்றிரவே கேட்டுப் பதில் சொல். சம்பளத்தை மணிக்கணக்கில் பேசாமல் மாதக்கணக்கில் பேசினால் இதற்கெல்லாம் தனியாகக் கணக்குப் பார்க்கவேண்டி வராது.

அன்புடன்,
உன் சித்தப்பா