நினைவோட்டமும் அதற்குரிய பயிற்சியும்

இறந்தாரை நினைத்தற்கு மக்கள் கண்ட வழிகள் பல. கல் நாட்டுவோரும், குளம் தோண்டுவோரும், மாணவர்க்குப் பரிசில் ஏற்படுத்துவோரும் உளர். கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் இவற்றோடு மற்றொரு வழியும் சேர்ந்துள்ளது. அன்புடையார் ஒருவரை இழந்தவர், அவர் பெயரால் நெடுந்தூரம் ஓடுவதாக உறுதி கூறிப் பிறரிடம் பொருள் திரட்டி, அப்பொருளை மருத்துவமனைக்கோ நோயாராய்ச்சிக்கோ அளிப்பதே அது. இதனை நினைவோட்டம் என்று ஈண்டுக் குறிப்போம்.

சென்ற ஆண்டில் நம் மாணவருள் ஒருவர் நம்மைக் காண வந்தார். அவர்தம் அன்னையார் புற்றுநோயால் காலமாகி ஐந்து திங்கள் ஆகியிருந்தன. "ஐயா, அம்மா பேரால் மராத்தான் ஓட எண்ணியிருக்கிறேன். ஆண்டு நினைவு நாளுக்குள் ஓடி முடித்துவிட வேண்டும்" என்றார். அவருடைய வலது முழங்கால் வீங்கியிருந்தது. வினவியபோது, அதற்கு முன் ஓடிப் பழகாதவராயிருந்தும் முதல் வாரத்திலேயே நாள்தோறும் 8 மைல் ஓடியதாகக் கூறினார். வலித்தபோது ஏன் நிற்கவில்லை என்றோம். "நின்றால் அம்மாவை மறந்ததுபோல் ஆகுமே ஐயா" என்றார். அன்று அவருக்கு நாம் முழுதும் விடை கூற இயலவில்லை. அவ்விடையை ஒழுங்குபடுத்திக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மராத்தானின் வரலாறு

கி.மு. 490 இல் மராத்தான் என்னும் வெளியில் ஏதென்ஸ் நகரத்தார் பாரசீகரை வென்றனர். அவ்வெற்றியை அறிவிக்க நகருக்கு ஓடிவந்த தூதன், செய்தியைச் சொன்ன அளவிலே உயிர் துறந்தான் என்பது பலரும் அறிந்த கதை. ஆனால் அப்போரை வரைந்த ஹெரோடோட்டஸ் கூறுவது வேறு. பைடிப்பிடிஸ் என்னும் தூதன், போருக்கு முன்னர்த் துணைப்படை வேண்டி ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓடினான் என்றே அவர் எழுதினார். ஓடிவந்தவன் உயிர் துறந்தான் என்னும் கதை, பல நூற்றாண்டுகட்குப் பின் வந்தோர் எழுதியது.

மிஷேல் பிரேயால் என்னும் பிரெஞ்சு அறிஞரின் யோசனைப்படி, 1896 இல் ஏதென்ஸில் நடந்த ஒலிம்பிக் விழாவில் இவ்வோட்டம் முதன்முதல் சேர்க்கப்பெற்றது. ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தூரமுள்ள அவ்வோட்டத்தில் ஸ்பிரிடோன் லூயிஸ் என்னும் கிரேக்கர் வென்றார். 1908 இல் லண்டனில் நடந்த விழாவில், வின்ட்ஸர் அரண்மனையில் தொடங்கி அரங்கில் அரச குடும்பத்தார் இருக்கைக்கு எதிரே முடியுமாறு 26 மைல் 385 கெஜம் வகுக்கப்பட்டது. அத்தூரமே, அதாவது 42.195 கிலோமீட்டரே, 1921 இல் நிலையான அளவாயிற்று.

உயிர் துறந்த தூதனின் கதையால் மயங்கி, உடலை அழித்துக்கொள்வதே இவ்வோட்டத்தின் பெருமை என்று கருதுவோர் உளர். அது தவறு. இறந்தார் ஒருவரை முன்னிட்டு ஓடுவோர் தம் உயிரையும் உடலையும் பேணுதற்கு இருமடங்கு கடமைப்பட்டவர். அவர் வீட்டில் ஏற்கெனவே ஒரு துயரம் உண்டன்றோ?

உடலின் இயல்பு

ஓடுவார்க்கு வேண்டும் ஆற்றலின் பெரும்பகுதி, தசைகளிலும் ஈரலிலும் கிளைக்கோஜன் என்னும் பொருளாகச் சேமிக்கப்பட்டுள்ளது. இச்சேமிப்பு அளவுடையது. பழக்கமில்லாதவர் வேகமாக ஓடினால், ஏறத்தாழ 30 கிலோமீட்டர் அளவிலோ அதற்கு முன்னரோ இது குன்றிவிடும். கால்கள் கல்லாய்க் கனக்கும். நெடுநாட் பயிற்சியால், உடல் தன்னிடமுள்ள கொழுப்பையும் மிகுதியாகப் பயன்படுத்தக் கற்றுக்கொள்ளும், சேமிப்பும் பெருகும்.

மற்றோர் உண்மையும் அறியத்தக்கது. இதயமும் நுரையீரலும் சில வாரங்களிலேயே பயிற்சிக்கு இணங்கும். எலும்பும் தசைநாரும் இணங்குதற்குப் பல திங்கள் வேண்டும். ஆகவே, "மூச்சு வாங்கவில்லை; இன்னும் ஓடலாம்" என்று மனம் சொல்லும்போது, முழங்காலும் கணைக்காலும் அதற்கு ஆயத்தமாயிருப்பதில்லை. நம் மாணவரின் முழங்கால் வீங்கியதற்குக் காரணம் இதுவே. மேலும், உடல் வலுப்பெறுவது ஓடும் நேரத்திலன்று. ஓடியபின் உறங்கும்போதும் ஓய்வுகொள்ளும்போதும் ஆம். ஓய்வு பயிற்சிக்குப் பகையன்று. பயிற்சியின் ஒரு பாதியென்க.

பயிற்சி முறை

முதற்கண் மருத்துவரிடம் உடலைக் காட்டி அவர் இசைவு பெறுக. முன்னர் ஓடிப் பழகாதார், நடையும் ஓட்டமும் மாறிமாறி வருமாறு அரைமணி நேரம் பழகத் தொடங்கலாம். வாரத்தில் மூன்று அல்லது நான்கு நாள் போதும். உடன் வருவாரோடு பேசிக்கொண்டே செல்லக்கூடிய வேகமே உரிய வேகம். ஒரு வாரத்துத் தூரத்தை அடுத்த வாரத்தில் பத்தில் ஒரு பங்கு அளவிற்குமேல் கூட்டாதிருத்தல் பழைய பயிற்சியாளர் கூறும் விதி. இதனை அளவுகோலாகக் கொண்டு, அவரவர் உடல்நிலைக்கு ஏற்பக் குறைத்துக்கொள்க. மூன்று வாரம் கூட்டியபின், நான்காம் வாரத்தில் சற்றுக் குறைத்தல் நன்று.

வாரத்தில் ஒருநாள் மட்டும் நெடிய ஓட்டம் வேண்டும். அது சிறிது சிறிதாக வளர்ந்து 18 அல்லது 20 மைல் வரை சென்றால் போதும். முழுத்தூரத்தையும் பயிற்சியிலேயே ஓட வேண்டுவதில்லை. குறித்த நாளுக்கு முந்தைய இரண்டு மூன்று வாரங்களில் தூரத்தைக் குறைத்து உடலைத் தேற்றுக. சில மைல்களை முன்னரே இளைப்பின்றி ஓட வல்லார்க்கு இம்முறை முற்றுப்பெற 16 முதல் 20 வாரம் ஆகும். புதிதாகத் தொடங்குவார்க்கு ஓராண்டு கொள்வதே அறிவுடைமை.

நம் நாட்டு வெப்பத்தில் விடியற்காலையே ஓடுதற்கு ஏற்ற பொழுது. தாகத்திற்கு ஏற்ப நீர் அருந்துக. தாகமின்றி நீரை அளவிறந்து குடித்தால், குருதியிலுள்ள உப்பின் செறிவு குறைந்து உயிர்க்கே ஊறு நேரலாம். மார்பு வலியோ, தலைச்சுற்றலோ, காய்ச்சலோ தோன்றின், உடனே நிறுத்தி மருத்துவ உதவி நாடுதல் வேண்டும்.

டெரி பாக்ஸின் ஓட்டம்

நினைவோட்டங்களுள் உலகறிந்த ஒன்று, கனடா நாட்டு இளைஞர் டெரி பாக்ஸ் என்பவர் பெயரால் நடப்பது. 1958 இல் பிறந்த இவருக்கு, 1977 இல் எலும்பிற் புற்றுநோய் கண்டது. வலது கால் முழங்காலுக்கு மேலே வெட்டியெடுக்கப்பட்டது. அந்நோய்க்கு ஆளானோர் பிழைக்கும் வாய்ப்பு ஆராய்ச்சியின் பயனாகச் சில ஆண்டுகளிலேயே பெரிதும் உயர்ந்திருப்பதை அவர் மருத்துவமனையில் அறிந்தார். உடன் சிகிச்சை பெற்ற சிறுவர்களின் துன்பத்தையும் கண்டார். ஆராய்ச்சிக்குப் பொருள் திரட்டக் கனடா முழுவதும் ஓடுவதென்று துணிந்தார்.

அத்துணிவினர் எவ்வாறு தொடங்கினார்? 1979 பிப்ரவரியில், பிறர் கண்ணிற் படாத இருளில், அரை மைல் ஓடித் தொடங்கினார். அவ்வாண்டு செப்டம்பரில் பிரின்ஸ் ஜார்ஜ் நகரில் நடந்த 17 மைல் போட்டியில் எல்லார்க்கும் கடைசியாக வந்தார். அதன் பின்னரே தம் எண்ணத்தைப் பெற்றோரிடம் வெளியிட்டார். இடைவிடாது பழகி வந்தவர், கிறிஸ்துமஸ் நாளன்று மட்டும், அன்னையார் வேண்டிக்கொண்டதற்கு இணங்கி ஓய்ந்திருந்தார் என்பர். ஓராண்டிற்கு மேற்பட்ட பயிற்சிக்குப் பின், 1980 ஏப்ரல் 12 ஆம் நாள், நியூபவுண்ட்லாந்தில் அட்லாண்டிக் கடல்நீரில் செயற்கைக் காலை நனைத்துப் புறப்பட்டார். ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ ஒரு மராத்தான் தூரம் சென்றார்.

143 நாள், 5,373 கிலோமீட்டர் கடந்தபின், செப்டம்பர் 1 ஆம் நாள் தண்டர் பே நகரின் அருகே அவர் நிற்க நேர்ந்தது. நோய் நுரையீரலிற் பரவியிருந்தது. மறுகரையாகிய பசிபிக் கடலை அவர் கால் தொடவில்லை. 1981 ஜூன் 28 ஆம் நாள், தம் 22 ஆம் வயதில் காலமானார்.

அவர் நின்றார், ஓட்டம் நிற்கவில்லை. தம் மகனை அந்நோய்க்கு முன்னரே பறிகொடுத்த இஸடோர் ஷார்ப் என்னும் விடுதித் தொழிலதிபர், ஆண்டுதோறும் டெரி பெயரால் ஓட்டம் நடத்தலாமென்று தந்தியனுப்பினார். 1981 செப்டம்பரில் நடந்த முதல் ஓட்டத்தில் 3 லட்சம் பேர் பங்குகொண்டு 35 லட்சம் டாலர் திரட்டினர். இவ்வோட்டத்தில் வெற்றி தோல்வி இல்லை; நடப்பாரும் முதியோரும் சிறுவரும் சேரலாம். பலர் தாம் இழந்தவர் பெயரை எழுதி மார்பில் அணிந்து வருவர். பல நாடுகளுக்குப் பரவிய இவ்வோட்டம் நம் சென்னையிலும் நடந்துள்ளது.

பொருள் திரட்டுதல்

மைலுக்கு இவ்வளவு என்று நண்பர் வாக்களிப்பது ஒரு முறை. ஒரே தொகையாக அளிப்பது மற்றொரு முறை. எம்முறையாயினும், எந்நிறுவனத்திற்கு எப்பணிக்கு என்பதை முதலிலேயே தெரிவித்தல் வேண்டும். கொடுத்த பொருள் நேரே அந்நிறுவனத்தைச் சேர்தலும், கணக்கு எல்லார்க்கும் காட்டப்படுதலும் இன்றியமையாதவை. ஓடுவார் தம் செலவை அறப்பொருளிற் கழிக்கலாகாது. இறந்தார் பெயரால் வாங்கும் பொருளில் சிறிது மாசுபடினும் அம்மாசு அவர் பெயரையே சாரும்.

முடிவுரை

துயரம் ஒருவரை ஓடத் தொடங்கச் செய்யலாம். முடித்து வைப்பது ஒழுங்கேயாம். டெரி பாக்ஸ் நின்ற இடத்தில் அவர் நோக்கம் நின்றுவிடவில்லை. ஆகவே நிற்றல் வேறு, மறத்தல் வேறு. ஓட்டநாள் ஒருநாளே. அதற்கு முன்னர் வரும் நூற்றுக்கு மேற்பட்ட விடியல்களில் எழுந்து காலணி பூட்டும்போதெல்லாம் அவர் நினைவு வருகின்றதன்றோ? நினைவுச் சின்னம் அங்கேதான் கட்டப்படுகின்றது.

நம் மாணவர் மருத்துவர் சொற்கேட்டு ஆறு வாரம் ஓய்ந்திருந்தார். பின்னர் ஒரு மைலிலிருந்து தொடங்கினார். ஆண்டு நினைவு நாளன்று அவர் மராத்தான் ஓடவில்லை. விடியற்பொழுதில் தந்தையாரும் தங்கையும் சிறிது தூரம் உடன் நடந்துவர, 6 மைல் ஓடினார். திரட்டிய தொகையை, அன்னையார் சிகிச்சை பெற்ற மருத்துவமனையின் ஏழை நோயாளர் நிதிக்குச் செலுத்தினார். "மீதி 20 மைல் இருக்கிறது ஐயா, அவசரமில்லை" என்று அன்று மாலை நம்மிடம் கூறினார். அவர் முழங்காலில் வீக்கம் இல்லை.