பாட்டு உங்களுது... காசு யாருக்கு?

கல்ச்சுரல்ஸ் மேடையில் கலக்குற எந்த காலேஜ் பேண்டுக்கும் ஒரு கட்டத்தில் "சொந்தமா ஒரு பாட்டு போட்டா என்ன?" என்று தோன்றும். போடலாம். லேப்டாப்பில் ரெக்கார்ட் செய்து ஸ்பாடிஃபையில் ஏற்றுவது இப்போ கஷ்டமே இல்லை. கஷ்டம் அதுக்கு அப்புறம்தான். உலக இசைச் சந்தையின் பெரும்பகுதி யூனிவர்சல், சோனி, வார்னர் என்ற மூன்று கம்பெனிகள் கையில். நம்ம ஊரில் கூடவே சினிமா வேற. இதுக்கு நடுவில் உங்க பாட்டுக்கான காசு எங்கே நின்னுபோகுதுன்னு கணக்கு போட்டே பார்க்கலாம்.

நீங்க கட்டுற சந்தா, நீங்க கேட்ட பாடகருக்கு நேராகப் போகும்னு நினைச்சீங்களா? இல்லை. ஹாஸ்டல் மெஸ்ஸில் டிவைடிங் சிஸ்டம் இருக்கே, கிட்டத்தட்ட அதுதான். எல்லார் சந்தாவும் ஒரே குடத்தில் விழும். ஆப் கம்பெனி சுமார் மூன்றில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதியை, மொத்த ஸ்ட்ரீம்களில் யாருக்கு எத்தனை சதவீதம் என்று பார்த்துப் பிரிப்பார்கள். மாசம் முழுக்க உங்க ரூம்மேட் பாட்டை மட்டுமே கேட்டாலும், உங்க காசில் பெரும்பகுதி ஹிட் பாட்டுகளுக்குத்தான் போகும். தயிர்சாதம் மட்டும் சாப்பிட்டவன் பில்லில் சிக்கன் செலவும் ஏறுகிற மாதிரி.

2024 முதல் ஸ்பாடிஃபை இன்னொரு விதியும் கொண்டுவந்தது. ஒரு பாட்டு கடந்த 12 மாதத்தில் 1000 ஸ்ட்ரீமைத் தொடாவிட்டால் அதன் ஒலிப்பதிவுக்குப் பணம் கிடையாது. பாட்டு வாரியாகக் கணக்கு என்பதைக் கவனிங்க. 10 பாட்டு, தலா 900 ஸ்ட்ரீம், மொத்தம் 9000. வரவு? பூஜ்யம்.

சரி, அப்போ ஒரு லேபிளில் கையெழுத்து போட்டுடலாமா? அதுக்கு முன்னாடி ஒரு விஷயம் புரியணும். ஒரு பாட்டில் இரண்டு உரிமைகள் இருக்கு. வரிகளும் மெட்டும் ஒன்று. பதிவு செய்த ஒலி, அதாவது 'மாஸ்டர்', இன்னொன்று. 2019-ல் டெய்லர் ஸ்விஃப்டின் முதல் ஆறு ஆல்பங்களின் மாஸ்டர் அவருடைய பழைய லேபிளோடு சேர்த்து விற்கப்பட்டது. அவரால் தடுக்க முடியவில்லை. ஆனால் பாட்டை எழுதியவர் என்ற உரிமை கையில் இருந்ததால், 2021-லிருந்து அதே பாட்டுகளைத் திரும்பப் பாடி வெளியிட்டார். மாஸ்டரை விலைகொடுத்து வாங்கியது 2025-ல். அவரிடம் பணம் இருந்தது, சாத்தியமாச்சு. நமக்கு?

அட்வான்ஸ் இன்னொரு பொறி. 5 லட்சம் அட்வான்ஸ், 15% ராயல்டி என்று வைத்துக்கொள்வோம். அந்த 5 லட்சம் உங்க 15%-லிருந்துதான் கழியும். அதாவது பாட்டு சுமார் 33 லட்சம் சம்பாதித்த பிறகுதான் அடுத்த ரூபாய் உங்க கைக்கு வரும். லேபிள் போட்டதை எப்பவோ எடுத்திருக்கும்.

பெரிய ஹிட்டாச்சுன்னா எல்லாம் சரியாகிடும்னும் சொல்ல முடியாது. 2021-ல் வந்த 'எஞ்சாய் எஞ்சாமி'யைக் கேட்காதவங்க யாராவது இருக்கீங்களா? அதிலிருந்து தங்களுக்கு ஒரு ரூபாய்கூட வரவில்லை என்று 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன் வெளிப்படையாகச் சொன்னார். வெளியிட்ட நிறுவனம் குற்றச்சாட்டை மறுத்தது. யார் சொல்வது சரி என்பது நம்ம வேலை இல்லை. அவ்வளவு பெயர் உள்ளவர்களுக்கே கணக்கு கேட்கிற நிலைமை என்பதுதான் உறுத்துது.

நம்ம நாட்டுச் சட்டம் கொஞ்சம் கைகொடுக்குது. காப்புரிமைச் சட்டத்தின் 2012 திருத்தப்படி, வரி எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் ராயல்டி பங்கை லேபிளுக்கு எழுதிக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, ஐபிஆர்எஸ் போன்ற காப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான். ஒப்பந்தத்தில் காலம் எழுதவில்லை என்றால் 5 வருஷம்தான். எந்த ஊருக்கு என்று எழுதவில்லை என்றால் இந்தியா மட்டும். வாங்கிய உரிமையை ஒரு வருஷம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் அது காலாவதி, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லாதவரை. அதனால்தான் லேபிள் நீட்டுற காகிதத்தில் "நிரந்தரமாக", "உலகம் முழுவதும்" போன்ற வார்த்தைகள் இருக்கும். பேனாவைத் திறக்கும் முன் அந்த இரண்டையும் தேடுங்க.

லேபிளே வேண்டாம், நாங்களே பார்த்துக்கறோம் என்றால் இரண்டு வேலை. வரி யாரு, மெட்டு யாரு, பங்கு எவ்வளவு என்று ஒரு தாளில் எழுதி எல்லாரும் கையெழுத்து போடுங்க, ரிலீஸுக்கு முன்னாடியே. அப்புறம் ஒவ்வொரு ஒலிப்பதிவுக்கும் கிடைக்கிற 12 எழுத்து ஐஎஸ்ஆர்சி எண்ணைக் குறித்துவையுங்க. நாளைக்கு டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றினால் அதே எண்ணைக் கொடுத்து ஏற்றணும். புது எண் போட்டால், சேர்த்துவச்ச ஸ்ட்ரீம் எண்ணிக்கை கூட வராமல் போகலாம்.